பாடையை நிறுத்திய ராஜ்யம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாவலூரில் ஓர் அபார்ட்மென்ட்டுக்குப் போயிருந்தேன். மகளின் தோழி அங்கே குடியிருக்கிறாள். மாதம் ஒருமுறை கம்யூனிட்டி ஹாலில் எல்லோரும் கூடுவார்களாம். யாராவது ஒருவர் ஏதாவது ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசுவாராம். நல்ல பழக்கம்தான். காபி, மெதுவடை, கூடவே கொஞ்சம் பொது அறிவு.

அன்றைக்குப் பேசியவர் ஒரு சாஃப்ட்வேர் இளைஞர். புரொஜெக்டரில் தலைப்பு விழுந்தது: 'நம்ம ஈசிஆரில் ஒரு தனி நாடு'.

எனக்குச் சுருக்கென்றது. எந்த நாடு என்று தெரிந்துவிட்டது.

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், ஒரு சவுக்குத் தோப்பு. அதைத் தனி ராஜ்யமாக அறிவித்த ஓர் இன்ஜினியர். கொடி, தேசிய கீதம், பாஸ்போர்ட், தபால்தலை... இளைஞர் அழகாகத்தான் சொன்னார். "யாருக்கும் எந்தத் தொல்லையும் இல்லாம பத்து வருஷம் ஒரு நாடு நடந்திருக்கு. கடைசியில சுனாமி வந்து முடிஞ்சுபோச்சு" என்று முடித்தார். முன்வரிசையில் ஒரு பெண் "ஸோ க்யூட்" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும் — எனக்குக் கோபம் வரும், அடுத்த வேளைச் சாப்பாட்டோடு போய்விடும். இந்தக் கோபம் போகவில்லை. யாருக்கும் தொல்லை இல்லையாமே? அந்த இளைஞர் மேல் தப்பில்லை. அவருக்குச் சொன்னவர்கள் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அதனால் நடந்ததை நான் சொல்லிவிடுகிறேன். நான் அங்கே இருந்தவன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் கல்பாக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தானம் — பெயரை மாற்றியிருக்கிறேன் — எனக்கு அப்போது பழக்கம். வெளிநாட்டில் சம்பாதித்து, ஊர் திரும்பி, கடற்கரையோரம் சில ஏக்கர் சவுக்குத் தோப்பு வாங்கி, நடுவில் ஒரு வீடு கட்டினார். வீட்டுக்குக் கரண்ட் வரவில்லை. ஏதோ ஓர் ஆபீஸில் அவரை மாதக்கணக்கில் நடக்கவிட்டார்கள். "உங்க கரண்ட்டும் வேணாம், உங்க நாடும் வேணாம்" என்று ஒருநாள் கத்திவிட்டு வந்தார்.

வந்தவர் சும்மா இருக்கவில்லை. தோப்பு வாசலில் ஒரு போர்டு வைத்தார். 'நெய்தலியா முடியரசு. இத்துடன் இந்திய எல்லை முடிகிறது.' தனக்குத் தானே முடி சூட்டிக்கொண்டு முதலாம் சந்தானம் ஆனார். நீலத் துணியில் நண்டு போட்ட கொடி. தேசியப் பறவை காக்கை, ஏனென்றால் தோப்பில் வேறு பறவை இல்லை. தேசிய உணவு நெத்திலி வறுவல். தேசிய கீதத்தை மச்சினன் மகன் கீபோர்டில் போட்டுக் கொடுத்தான்.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும் ஒரு பாஸ்போர்ட் வாங்கி வைத்துக்கொண்டேன். சர்க்கார் ஆபீஸில் நொந்துபோன ஒரு மனிதன் பண்ணும் கலாட்டா என்றுதான் நினைத்தோம். பிறகு கரண்ட் வந்துவிட்டது. ஆனால் ராஜா ராஜாவாகவே இருந்தார்.

ஒரு ராஜா இருந்தால் ராணுவம் வேண்டாமா? தோப்புக்கு ஏழுமலை என்று ஒரு வாட்ச்மேன் இருந்தார். சாலைக்கு மேற்கே இருக்கும் காலனிக்காரர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அந்தப் பக்கத்து நிலங்களில் கூலிக்கு உழைத்தவர்கள். ஏழுமலை சவுக்கு வெட்டப் போனார், கொத்து வேலைக்குப் போனார், கடைசியில் வாட்ச்மேன் ஆனார். சந்தானம் அவரைத் தலைமைத் தளபதி ஆக்கினார். செங்கல்பட்டில் கல்யாண பேண்ட் செட்காரர்களுக்குத் தைக்கும் டெய்லரிடம் சொல்லி, சிவப்புக் கோட்டும் தோளில் தங்கக் குஞ்சமும் வைத்துத் தைத்து வாங்கினார். சித்திரை வெயிலில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வருகிற ஒவ்வொரு காருக்கும் ஏழுமலை சல்யூட் அடிப்பார்.

"வெயிலுக்குக் கோட்டைக் கழட்டி வையுங்களேன்" என்று ஒருதரம் சொன்னேன்.

"கழ்ட்டனா ராசா கோச்சிக்கிறாரு சார். இன்னா பண்றது, வேலை" என்றார்.

இனிமேல்தான் விஷயம். அந்தத் தோப்புக்கு நடுவில் ஒரு பாதை உண்டு. காலனியிலிருந்து சாலையைக் கடந்து, தோப்பு வழியாகப் போனால் கடலோர மணல்மேட்டில் காலனியின் இடுகாடு. சந்தானத்துக்கு முன்பு நிலம் வைத்திருந்தவர்களும், அவர்களுக்கு முன்பு வைத்திருந்தவர்களும் அந்தப் பாதையில் கை வைத்ததில்லை. சந்தானமும் முதலில் கை வைக்கவில்லை. பாடை வந்தால் ஏழுமலை கேட்டைத் திறந்துவிடுவார். "எங்க நாட்டுல செத்தவங்களுக்கு விசா ஃப்ரீ" என்பார் ராஜா. விருந்தினர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

எனக்கு அந்த ஜோக் பிடிக்கவில்லை. அப்போதே சொன்னேன். "உனக்கு ஹ்யூமர் சென்ஸே கிடையாதுப்பா" என்றார்.

இடுகாட்டு வாசலில் ஒரு கல் இருந்தது. இடுப்பளவு உயரம், எழுத்தும் கிடையாது, உருவமும் கிடையாது. அரிச்சந்திரன் கல். நம் பக்கத்தில் பல ஊர் மயானங்களில் பார்த்திருப்பீர்கள். ராஜாவாக இருந்து, எல்லாவற்றையும் இழந்து, சுடுகாட்டுக் காவலுக்கு வந்தவன் அரிச்சந்திரன். இன்றைக்கும் அவன்தான் அங்கே காவல் என்பது நம்பிக்கை. பாடையை அந்தக் கல்லின் முன்னால் இறக்குவார்கள். ஒருவர் பாடி அவனிடம் உத்தரவு கேட்பார். அதற்குப் பிறகு தலைமாடு கால்மாடு திசை மாற்றித் தூக்கிக்கொண்டு உள்ளே போவார்கள். உத்தரவு கேட்காமல் குழியில் வைப்பதில்லை. போகிறவர் யாராக இருந்தாலும் அந்த உத்தரவு கிடைத்துவிடும். இதுவரை யாரையும் அவன் திருப்பி அனுப்பியதாகக் கேள்விப்பட்டதில்லை.

மாமல்லபுரத்துப் பக்கம் நிலம் வாங்குகிற படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கீழே கிடக்கிற கல் எல்லாம் அவர்களுக்குப் பல்லவர் கல். துணி துவைக்கிற கல்லைக்கூடத் தடவிப் பார்ப்பார்கள். சந்தானம் இந்தக் கல்லைப் பார்த்தார். "பல்லவர் காலத்து எல்லைக் கல். அந்தக் காலத்திலேயே இது தனி நாடு. எவிடென்ஸ் கிடைச்சாச்சு" என்று குதித்தார். ஆள் வைத்துப் பெயர்த்தெடுத்து, கொடிக்கம்பத்தின் அடியில் சிமென்ட் மேடை கட்டி நட்டுவிட்டார். பக்கத்தில் கிரானைட்டில் ஒரு விளக்கம் வேறு.

ஏழுமலை சொல்லியிருக்கிறார். "அது அரிச்சந்திரன் கல்லு சார். அங்கதான் இருக்கணும்."

"அதெல்லாம் பின்னாடி கட்டிவிட்ட கதைப்பா. ஹிஸ்டரி வேற" என்றாராம் ராஜா.

ராஜாவாக இருந்து சுடுகாட்டுக் காவலுக்கு வந்தவனின் கல்லை, இன்ஜினியராக இருந்து ராஜாவானவர் பிடுங்கிக்கொண்டார். எந்தக் காலனிக்காரரையும் அவர் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் இன்றுவரை எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. கொடி எந்த நீலத்தில் இருக்கவேண்டும் என்று எங்களிடம் ஓட்டெடுப்பு நடத்தியவர் அவர்.

காலனியில் பெரியவர்கள் வந்து கேட்டார்கள். பார்க்கலாம், பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார். அவர்களும் வேறு வழியில்லாமல், பாடையைக் கொடிக்கம்பத்தின் முன்னால் இறக்கி உத்தரவு கேட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார்கள்.

அப்புறம் புது நூற்றாண்டு பிறந்தது. ஈசிஆர் சுங்கச் சாலை ஆனது. இந்தப் பக்கம் ஓஎம்ஆரில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பின. நிலத்தின் விலை எங்கேயோ போனது. ராஜா தோப்பில் காட்டேஜ் கட்டினார். சனி ஞாயிறுக்கு வந்து தங்க ஆட்கள். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்திலேயே திறந்தவெளி ரெஸ்டாரன்ட். பாஸ்போர்ட்டில் சீல் குத்திக்கொண்டு, நெத்திலி வறுவல் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். ஜோக் பிசினஸ் ஆகிவிட்டது.

ஒரு ஞாயிறு காலை காலனியில் ஒரு கிழவி இறந்துபோனாள். ஏழுமலை வழக்கம்போல கேட்டைத் திறந்தார். மேளத்தோடு பாடை வந்து கொடிக்கம்பத்தடியில் இறங்கியது. பக்கத்து மேஜையில் விருந்தினர்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சிலர் காசைத் திருப்பிக் கேட்டார்கள். மறுநாளே அரசாணை வந்தது. 'நெய்தலியாவின் மேற்கு எல்லை மூடப்பட்டது. சவ ஊர்வலங்கள் மீனவர் குப்பம் வழியாகச் சுற்றிச் செல்லவும்.' விருந்தினர் கார்களுக்கு வடக்கே தனி வாசலும் வேறு வாட்ச்மேனும் வந்தாயிற்று. ஏழுமலையிடமிருந்து சாவி பறிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அவர் சிவப்புக் கோட்டோடு, சாவியில்லாமல், பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்றார்.

குப்பத்து வழியாக மணலில் சுற்றிப் போகலாம்தான். கல்? கல் உள்ளே இருக்கிறதே.

இரண்டு மாதம் கழித்து ஏழுமலை இறந்துபோனார். நெஞ்சு வலி என்றார், செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மறுநாள் நெய்தலியாவின் தேசிய தினம். நூறு பேருக்கு மேல் விருந்தினர்கள். நானும் அழைக்கப்பட்டிருந்தேன். ஏழுமலை போன விஷயம் எனக்கு அங்கே போய்த்தான் தெரியும். தோட்டம் முழுக்க நண்டுக் கொடி கட்டியிருந்தது.

"தளபதி போயிட்டார்ப்பா. வெரி சேட். அரசு மரியாதைக்கு ஏற்பாடு பண்ணிட்டேன்" என்றார் சந்தானம்.

"என்ன ஏற்பாடு?"

"தேசியக் கொடி அனுப்பியிருக்கேன். பாடிமேல போத்தறதுக்கு."

"கேட்டைத் திறந்துவிடுவீங்க இல்ல?"

"இன்னிக்கா? கெஸ்ட் எல்லாம் வந்திருக்காங்க. சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே? ஒருத்தருக்குத் திறந்தா நாளைக்கு எல்லாரும் வருவாங்க."

சட்டமாம். யார் போட்ட சட்டம்? எந்த ஊர் மனிதர்கள் கூடி உட்கார்ந்து போட்டார்கள்? இதைக் கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சீன் பண்ணாதே" என்றார் அவர். நான் புது வாசல் வழியாக வெளியே வந்துவிட்டேன். பூட்டிய கேட் பக்கம் மேளம் கேட்டது. அங்கே போனேன்.

பாடை வந்துகொண்டிருந்தது. பின்னால் பெண்கள். எங்கள் பக்கத்தில் பெண்கள் மயானம் வரை போவதில்லை. அவர்கள் சாலையோரம் வரை வந்து அழுதுவிட்டு நின்றுகொள்வார்கள். ஏழுமலையின் மனைவி அஞ்சலையும் நின்றுகொண்டாள். கேட்டில் பூட்டு தொங்கியது. அஞ்சலையின் அண்ணன் கன்னியப்பன்தான் உத்தரவு கேட்டுப் பாடுகிறவர். அவர் கேட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"குப்பத்து வழியா போய்டலாமா?" என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார். "பொழுது போவுது."

அஞ்சலை முன்னால் வந்தாள். கையில் அந்த நீலக் கொடி, மடிப்புக்கூடக் கலையாமல்.

"போய்டலாம். கல்லு?" என்றாள்.

கன்னியப்பன் கேட்டை விட்டுவிட்டுத் திரும்பினார்.

"அவுரு கையால எத்தினி பாடைக்கு இந்த கேட்ட தொறந்து வுட்டாரு? அவுரு மட்டும் உத்தரவு கேக்காம பூடணுமா? எறக்குங்க. இங்கியே எறக்குங்க."

தூக்கிய பாடை வீட்டுக்குத் திரும்புவதில்லை. இறக்கினார்கள், நடுரோட்டில். ஞாயிற்றுக்கிழமை ஈசிஆர். கொஞ்ச நேரத்தில் மாமல்லபுரம் பஸ், பாண்டிச்சேரி பஸ், பீச்சுக்குப் போகிற கார்கள் என்று இரண்டு பக்கமும் வரிசை கட்டி நின்றன. ஹாரன் அடித்துப் பார்த்தார்கள். அஞ்சலை தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

ராஜா கேட்டுக்கு உள்பக்கம் வந்து நின்றார். வெள்ளை யூனிஃபார்ம், மார்பில் மெடல், தலையில் தங்கப் பட்டை போட்ட தொப்பி. எழுந்து வந்து, கம்பி இடைவெளியில் கொடியை நீட்டினாள் அஞ்சலை.

"இந்தத் துணிய போத்திகினு அவுரு எங்க போவாரு சார்? நீயே வெச்சிக்க. வழிய வுடு."

ராஜா வாங்கவில்லை. செல்ஃபோனை எடுத்தார். யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? போலீஸை. அவருடைய போர்டின்படி எந்த நாடு அந்தக் கேட்டோடு முடிந்துபோகிறதோ, அந்த நாட்டின் போலீஸை.

சப்-இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். டிராஃபிக்கைப் பார்த்தார், பாடையைப் பார்த்தார், கேட்டின் மேலிருந்த போர்டை நிதானமாகப் படித்தார்.

"சார், இது வேற நாடுன்னு போட்டுகீதே. வேற நாட்டுக்குள்ள நான் எப்படி சார் வர்றது?"

"அதெல்லாம் சும்மா ஜோக் சார்" என்றார் சந்தானம். "இது பட்டா நிலம். என் பேர்லதான் இருக்கு. பிரைவேட் பிராப்பர்ட்டி."

நெய்தலியா அந்த இடத்தில் முடிந்தது. சுனாமியால் இல்லை. சுனாமி வர இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. பாவம், அது செய்த பாவங்களே போதும். இதையும் அதன் தலையில் ஏன் கட்டவேண்டும்?

ஜோக்காம். ஒரு பிணத்தை நடுரோட்டில் காக்க வைத்துவிட்டு, ஜோக் என்று சொல்ல ஒரு மனிதனுக்கு வாய் வருகிறது. நிலம் இருக்கிறவன் விளையாட்டுக்கு ராஜாவாகலாம், அலுத்துப்போனால் பட்டாதாரர் ஆகிவிடலாம். எதுவானாலும், வெளியே நிற்கிறவனுக்கு அது எப்போதும் பூட்டிய கேட்தான். அவனுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

சப்-இன்ஸ்பெக்டர் அதிகம் பேசவில்லை. "பட்டாவுல பாதை கீதா இல்லியான்னு அப்புறம் அளந்து பாக்கலாம். இப்ப தொறங்க" என்றார்.

சந்தானம் சாவியை எடுத்தார். அவருக்குப் பூட்டு திறக்க வரவில்லை. அந்த வேலையை அதுவரை அவர் செய்ததில்லை. கன்னியப்பன் சாவியை வாங்கித் திறந்தார்.

பாடை கொடிக்கம்பத்தடியில் இறங்கியது. சுற்றிலும் தட்டும் கையுமாக விருந்தினர்கள். செருப்பைக் கழற்றி, தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள் காலனிக்காரர்கள். கன்னியப்பன் கல்லின் முன்னால் நின்றார். பாட ஆரம்பிக்கவில்லை. சந்தானத்தைப் பார்த்தார்.

"தொப்பிய கழ்ட்டு" என்றார்.

முதலாம் சந்தானம் தொப்பியைக் கழற்றினார். கன்னியப்பன் பாடினார். உத்தரவு கிடைத்தது. திசை மாற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். அஞ்சலை கேட்டுக்கு வெளியேதான் நின்றாள். உள்ளே ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நானும் கோபத்தை விட்டிருப்பேன். அடுத்த மாதமே கேட் இருந்த இடத்தில் காம்பவுண்ட் சுவர் எழும்பியது. காலனிக்காரர்கள் செங்கல்பட்டு கோர்ட்டில் கேஸ் போட்டார்கள். அது இன்னும் நடக்கிறது. சந்தானம் நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் பிள்ளையிடம் போய்விட்டார். கல் இப்போது அங்கே வந்திருக்கும் ரிசார்ட்டின் நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பல்லவர் கல் என்றுதான் இன்னும் போர்டு. காலனியில் யாராவது இறந்தால் குப்பத்து வழியாகச் சுற்றிப் போகிறார்கள். ஒரு செங்கல்லை நட்டு வைத்து அதனிடம் உத்தரவு கேட்கிறார்கள்.

இதை எழுதலாமா என்று கேட்க, கோவளத்தில் அஞ்சலையைப் பார்க்கப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் டிபன் கடை வைத்திருக்கிறாள்.

"எழுதிக்க சார், அதனால இன்னா" என்றாள். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "அவுரு போட்டோ ஒண்ணு கெடிக்குமா? வந்தவங்கல்லாம் அவுர நிக்க வெச்சி எட்த்துகினு போனாங்களே. எங்க வூட்ல ஒண்ணுகூட இல்ல. வருசா வருசம் சொம்புக்குப் பொட்டு வெச்சிதான் கும்புடறேன்" என்றாள்.

நாலைந்து பேரைக் கேட்டேன். திருவான்மியூரில் ஒரு நண்பரின் ஆல்பத்தில் ஒன்று கிடைத்தது. பெரிதாக்கி ஃப்ரேம் போடுவதற்கு முன்னால் காட்டிவிடலாம் என்று எடுத்துக்கொண்டு போனேன்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பின்னால கேட்டு தெரியுதே. அத்த வெட்டிட முடியுமா?"

"முடியும்மா."

"கொடி?"

"அதையும் வெட்டிடலாம். முகம் மட்டும் வர்ற மாதிரி பண்ணலாம்."

"இந்தக் கையி?"

கை நெற்றியோடு ஒட்டியிருந்தது. விறைப்பான சல்யூட். ஒரு கண்ணைப் பாதி மறைத்திருந்தது. ஸ்டூடியோக்காரரிடம் ஏற்கெனவே கேட்டிருந்தேன். "கைய எடுத்தா முகம் போயிடும் சார்" என்று அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அஞ்சலை படத்தை என்னிடமே நீட்டினாள்.

"அப்ப வேணாம் சார். சொம்பே இருக்கட்டும். நீயே வெச்சிக்க."

வைத்திருக்கிறேன். எழுதும் மேஜைமேல், எனக்கு நேர் எதிரில். ஏழுமலை இப்போது எனக்கு சல்யூட் அடித்துக்கொண்டிருக்கிறார்.